கடற்கரை ஊர் ஒன்று, கேட்ட விலை மூன்று

கருநாடகப் போர்கள் மூன்று. முதற்போரின் காலம் 1746 முதல் 1748 வரை. டூப்ளே சூழ்ச்சியில் வல்லவர். கிளைவ் துணிவில் வல்லவர். இறுதியில் ஆங்கிலேயர் வென்றனர். பள்ளிக்கூடத்தில் நமக்கு ஊட்டப்பட்ட வரலாறு இவ்வளவே. ஐந்து மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் அந்தப் போர் எந்த மண்ணில் நடந்தது, எவருடைய கிணற்றை அடைத்து நடந்தது, எவருடைய வீட்டை இடித்து நடந்தது என்று கேட்கும் மாணவனுக்கு அந்தப் பாடநூலில் விடை கிடையாது. விடை இருக்கும் நூல் ஒன்று தமிழில் உண்டு. தமிழன் எழுதியது, தமிழிலேயே எழுதியது, போர் நடந்த நாட்களிலேயே எழுதியது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அது.

வேப்பம்பட்டில் தோழர்கள் சிலர் கூடி அந்த நாட்குறிப்பின் 1746ஆம் ஆண்டுப் பகுதியை அண்மையில் படித்தோம். படித்து முடித்ததும் தோழர் ஒருவர், "இதை எழுதியவரைக் கொண்டாடுவதா, கண்டிப்பதா?" என்று கேட்டார். இன்னொருவர், "துபாஷியின் கணக்குப் புத்தகத்துக்குப் பகுத்தறிவாளர் மன்றத்தில் என்ன வேலை?" என்றார். இரண்டும் நல்ல வினாக்கள். கொண்டாடுவோர் பலர் இருக்கின்றனர். இந்தியாவின் பெப்பீஸ் என்று இவருக்குப் பட்டம் சூட்டியோரும் உளர். பட்டம் சூட்டுவதில் நம்மவர்க்கு நிகர் நம்மவரே. திறனாய்வு அதோடு நின்றுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறோம்.

முதலில் நூலைப் பற்றி. 1709ஆம் ஆண்டு பிறந்தவர் ஆனந்தரங்கர். பிறந்த ஊர் சென்னைப் பெரம்பூர். வேப்பம்பட்டில் தொடர்வண்டி ஏறிச் சென்னைக்கு வேலைக்குச் செல்லும் நம் தோழர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் அதே பெரம்பூர்தான். தந்தையார் குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். மகன் வளர்ந்து பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகத்தில் பழகி, 1747ஆம் ஆண்டில் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தார். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் எழுதத் தொடங்கிய குறிப்பை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக்காலம், சாகும் வரை விடாது எழுதினார். அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1846இல் அவற்றைக் கண்டெடுத்தவர் கல்லுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் தொகுதி தொகுதியாக அச்சேறத் தொடங்கியதோ 1948இல்தான்! தமிழன் தமிழில் எழுதியதை ஆங்கிலேயன் ஆங்கிலத்தில் படித்து முடித்த பிறகே தமிழன் தமிழில் படிக்கத் தொடங்கினான். தலபுராணங்களையும் மான்மியங்களையும் அச்சிடக் காசும் காகிதமும் குறைவின்றிக் கிடைத்த அதே காலம் அது என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

நடை எப்படி? புலவர் நடை அன்று. அக்காலப் புதுச்சேரிக் கடைத்தெருவின் பேச்சு நடை. பாரசீகச் சொல், தெலுங்குச் சொல், போர்த்துகீசியச் சொல், பிரெஞ்சுச் சொல் எல்லாம் கலந்து கிடக்கின்றன. வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டுகிறது. தனித்தமிழ் அன்பர்க்கு முகம் சுளிக்கத் தோன்றும். நமக்கும் முதலில் தோன்றியது. ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும்: அந்நாளைய தமிழ்க் கவிஞர்கள் சிற்றரசர்களைத் தேவேந்திரன் என்றும் மன்மதன் என்றும் பாடிப் பரிசில் பெற்றுக்கொண்டிருந்த வேளையில், எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை குண்டு முழங்கிற்று, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி வைக்க ஒரு தமிழ் உரைநடை இருந்தது என்றால், அது இந்த உரைநடைதான். அழகு குறைவு, செய்தி நிறைவு.

இனி, நாம் படித்த ஆண்டின் கதைக்கு வருவோம்.

1746. ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்தன. ஆஸ்திரிய நாட்டு அரியணை யாருக்கு என்பது அங்குள்ள வழக்கு. மயிலாப்பூர் மீனவனுக்கும் ஆஸ்திரிய அரியணைக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். கேட்டால் அது பகுத்தறிவு. அரசர்களின் ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. மொரீசியசுத் தீவிலிருந்து லபூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பற்படையுடன் வந்தார். ஆங்கிலக் கப்பல்களோ சூலையில் நாகப்பட்டினக் கடலில் அவரோடு மோதிப் பார்த்துவிட்டு, பின்னர் வங்காளத்துப் பக்கம் ஒதுங்கிக்கொண்டன. சென்னைக் கோட்டைக்குள் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் ஏறத்தாழ இருநூறு பேர். கவர்னர் மோர்ஸ் என்பவர் வணிகர், போர்க்கலை அறியாதவர். செப்டம்பர் நடுவில் பிரெஞ்சுப் படை கரையிறங்கியது. 18ஆம் நாள் பீரங்கி முழங்கியது. 21ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 21ஆம் நாள் என்று நாம் எழுதுவது பிரெஞ்சுக்காரர் கணக்கு. ஆங்கிலேயர் ஏடுகளில் அதே நாள் செப்டம்பர் 10. ஏனெனில் இங்கிலாந்து 1752 வரையில் பழைய பஞ்சாங்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடைவெளி பதினொரு நாள். ஆனந்தரங்கரோ தமிழ் ஆண்டின் பெயரையும் திங்களையும் சேர்த்து எழுதுகிறார். அந்த ஆண்டின் பெயர் அட்சய. குறையாதது என்று பொருளாம்! குறையாத ஆண்டில்தான் சென்னப்பட்டணத்தின் வீடுகளும் குறைந்தன, குடிகளும் குறைந்தனர். ஒரே போர், மூன்று நாட்காட்டிகளில் மூன்று நாட்களில் நடந்தது. நாளும் கோளும் பார்த்துச் செயல்பட வேண்டும் என்போர், எந்த நாட்காட்டியின் நாளைப் பார்த்துப் பீரங்கிக்குத் தீ வைக்க வேண்டும் என்று சொல்லட்டும். ஆனந்தரங்கரே சோதிடத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உடையவர். கப்பல் கணக்கில் ஒரு வராகன் குறைந்தாலும் விடாத அந்த மூளை, சாதகக் கட்டத்தின் முன் கைகட்டி நிற்பதைப் படிக்கையில் இரக்கமே வருகிறது. படித்தவன், பணக்காரன், பல மொழி அறிந்தவன் என்பதாலேயே ஒருவன் பகுத்தறிவாளன் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இன்றும் நம் தெருவில் சான்றுகள் உண்டு.

கோட்டை வீழ்ந்ததும் பேரம் தொடங்கியது. லபூர்தொனே சொன்ன விலை 11 இலட்சம் வராகன். அதைக் கொடுத்தால் நகரத்தை ஆங்கிலேயருக்கே திருப்பிக் கொடுப்பதாக ஒப்பந்தம். டூப்ளே சொன்னார்: கொடுக்கக் கூடாது, நகரம் நமக்கே. அதே டூப்ளே ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீனுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்: நகரைப் பிடித்தால் உங்களிடமே ஒப்படைப்போம் என்று. ஆக, ஊர் ஒன்று. அதைப் பணத்துக்குத் திருப்பித் தருவதாக ஒரு வாக்கு. நவாபுக்குத் தருவதாக ஒரு வாக்கு. எவருக்கும் தருவதில்லை என்று ஒரு முடிவு. நாட்குறிப்பின் சிறந்த பக்கங்கள் இந்தப் பேரத்தைப் பற்றியவையே. வீரம் பேசும் நூல்களில் காணக் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. போர் என்பது வாளை உருவுவதற்கு முன்பே, கடிதத்தில், காணிக்கையில், பொய் வாக்கில், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட பொறாமையில் தொடங்கிவிடுகிறது. டூப்ளேயும் லபூர்தொனேயும் ஒரே அரசனின் ஊழியர்கள். ஆனால் ஆங்கிலேயன்மேல் அவர்களுக்கிருந்த பகையைவிட ஒருவர்மேல் ஒருவர்க்கிருந்த பகை பெரிது. அதை அருகிருந்து பார்த்தவர் ஆனந்தரங்கர்.

அக்டோபர் நடுவில் வங்கக் கடலில் பெரும் புயல் எழுந்தது. சென்னைக் கரையில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் சில மூழ்கின. சில பாய்மரம் முறிந்து தத்தளித்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தேவாலயங்களில் செலுத்திய நன்றி வழிபாடும் வந்து நின்று அந்தக் காற்றைத் தடுக்கவில்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக்கு மதம் தெரியாது. ஐப்பசியில் சென்னைக் கடலில் கப்பலை நிறுத்தலாகாது என்று எந்தக் கட்டுமரக்காரனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். கேட்பார் இல்லை. லபூர்தொனே எஞ்சிய கப்பல்களோடு போனார். பின்னர்ப் பிரான்சில் சிறைப்பட்டு, 1751இல்தான் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார்.

நகரம் டூப்ளே கையில் நின்றது. வாக்குக் கொடுத்த நகரம் வரவில்லை என்று கண்ட நவாபு தம் மூத்த மகன் மாபூசுகானைப் படையுடன் அனுப்பினார். பத்தாயிரம் பேர் என்று எழுதுகின்றனர். ஆர்க்காட்டுப் பக்கமிருந்து வந்த அப்படை சென்னையைச் சூழ்ந்தது.

போர்க்களத்தைப் பாடுவது எளிது. போருக்கு முன் ஒரு படை ஓரிடத்தில் தங்கியிருத்தல் என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். பத்தாயிரம் பேருக்கு அரிசி வேண்டும். குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வேண்டும். யானைக்குத் தழை வேண்டும். பீரங்கி இழுக்கும் எருதுகளுக்கு வைக்கோல் வேண்டும். விறகு வேண்டும். படையின் பின்னால் வரும் சந்தைக்கூட்டம் படையைவிடப் பெரியது, அதற்கும் வேண்டும். இவை எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து வாரா. படை தங்கிய இடத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் குதிர்களிலிருந்து வரும். ஐப்பசி மாதம், சம்பாப் பயிர் பசுமையாய் நிற்கும் மாதம். அறுவடைக்கு இன்னும் காலம் இருக்கிறது. குதிரில் இருப்பது மீந்த நெல். உழவன் தை வரை உண்ண வைத்திருக்கும் நெல். அதைத்தான் படை உண்ணும். பயிரைக் குதிரை உண்ணும். இதைப் பாட நம்மிடம் ஒரு துறை உண்டா?

மாபூசுகானின் ஆட்கள் செய்த முதல் வேலை, கோட்டைக்கு நல்ல நீர் தந்துகொண்டிருந்த ஊற்றைக் கைப்பற்றியது. பிரெஞ்சுக்காரர் தாகத்தால் தவிப்பர், பணிவர் என்பது திட்டம். அந்த ஊற்று பிரெஞ்சுக்காரருக்கு மட்டுமா நீர் தந்தது? கோட்டையின் அரணை ஒட்டிய கறுப்பர் நகரத்தில் வாழ்ந்த நெசவாளர், வண்ணார், தச்சர், கூலிக்காரர் எங்கே குடித்தனர்? இந்த வினாவை நவாபின் மகனும் எழுப்பவில்லை. எதிரே நின்ற கவர்னரும் எழுப்பவில்லை. வருத்தத்தோடு சொல்கிறோம், நாட்குறிப்பாளரும் எழுப்பவில்லை.

பிரெஞ்சுக்காரர் நானூறு பேர் இரண்டு சிறு பீரங்கிகளுடன் கோட்டைக் கதவைத் திறந்து வெளியே வந்தனர். குதிரைப்படை பாய்ந்து வந்தது. பீரங்கி முழங்கிற்று. நவாபு படைக்குப் பீரங்கி புதிதன்று. ஆனால் அவர்களுடைய பீரங்கி ஒரு முறை முழங்கினால் மறுமுறை முழங்க நெடுநேரம் ஆகும். ஆகவே ஒரு வெடிக்குப் பின் பாய்ந்துவிடலாம் என்று நினைத்தனர். பிரெஞ்சுப் பீரங்கியோ நிமிடத்துக்குப் பல முறை முழங்கியது. படை சிதறியது. இரண்டு நாள் கழித்து, புதுச்சேரியிலிருந்து பரதீசு என்ற அதிகாரி 230 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். அடையாற்றின் வடகரையில், சாந்தோம் பக்கம், மாபூசுகான் படை காத்து நின்றது. பரதீசிடம் பீரங்கியே இல்லை. ஆற்றில் இறங்கி நடந்தார்கள், கரையேறினார்கள், ஒரே சீராகச் சுட்டார்கள், துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடினார்கள். யானைமேல் வந்த நவாபு மகன் யானைமேலேயே திரும்பினார். பிரெஞ்சுக் கணக்கில் நவம்பர் 4, ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் 24.

சிறு படை பெரும் படையை வென்றது எப்படி? தெய்வ அருளா, வெள்ளைத் தோலின் மேன்மையா? வென்ற படையில் நாலில் மூன்று பங்கு நம் நாட்டுச் சிப்பாய்கள்! தோலில் ஒன்றுமில்லை. கூலி நாள் தவறாமல் கிடைக்கும் படை, நாள்தோறும் பயிற்சி பெறும் படை, ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் சுடும் படை ஒருபுறம். பாளையக்காரரும் சாகீர்தாரரும் ஆளுக்கொரு கூட்டமாய்த் திரட்டி வந்த படை, தலைவன் யானை திரும்பினால் தானும் திரும்பும் படை மறுபுறம். இவ்வளவுதான் இரகசியம். பயிற்சியும் கருவியும் வென்றன. டூப்ளே இதைப் புரிந்துகொண்டார். ஆங்கிலேயர் அவரிடமிருந்து கற்றுக்கொண்டனர். நம் மன்னர்களிற் பெரும்பாலோர் கற்பதற்குள் நாடு போய்விட்டது.

இங்கே நம் இலக்கியத்தைப் பற்றி ஒரு சொல். கோட்டையை முற்றுதல் உழிஞை. கோட்டையைக் காத்தல் நொச்சி. தமிழன் போரைக் கூட இலக்கணம் வகுத்துச் செய்தான் என்று மேடையில் மார்தட்டுகிறோம். தட்டலாம், தவறில்லை. ஆனால் 1746இல் சென்னைக் கோட்டையை முற்றி உழிஞை சூடியவர் யார்? முதலில் பிரெஞ்சுக்காரர். உள்ளே நொச்சி சூடியவர் ஆங்கிலேயர். ஒரு திங்கள் கழித்து உழிஞை நவாபுக்கு, நொச்சி பிரெஞ்சுக்காரருக்கு. தமிழனுக்கு எந்தப் பூ? மூன்று தரப்பிலும் சிப்பாயாய், சுமைகூலியாய், வண்டிக்காரனாய் அவன் இருந்தான். அவனுக்குப் பூவே இல்லை. அதே இலக்கண நூல்களில் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்று துறைகள் உள்ளன. நல்ல நாள் பார்த்துக் குடையையும் வாளையும் முன்னே அனுப்புதலாம். விரிச்சி கேட்டல் என்று நற்சொல்லுக்குக் காத்திருத்தலும் உண்டு. நாள் பார்ப்பது எல்லாம் வடக்கிலிருந்து வந்த சரக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. நம் ஏட்டிலும் இருக்கிறது. பகுத்தறிவு என்றால் பக்கத்து வீட்டுக் குப்பையை மட்டும் காண்பது அன்று.

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை அறநெறிப் போருக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். போருக்கு முன் பறையறைந்து, அரண் தேடிச் செல்லுமாறு சிலரை எச்சரித்த பாண்டியனைப் பற்றியது அது. பசுவுக்கு எச்சரிக்கை உண்டு, பார்ப்பனருக்கு உண்டு, பெண்டிருக்கும் பிணியாளருக்கும் புதல்வரைப் பெறாதோருக்கும் உண்டு. நல்லது. வயலில் நிற்கும் உழவனுக்கு எங்கே எச்சரிக்கை? கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்தில் கூழ் அட்டு உண்கின்றன. கற்பனை வளம் என்று வியக்கிறோம். கூழுக்கும் வழியின்றிச் சிதறிய குடிகளைப் பற்றி ஒரு தாழிசை உண்டா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. செயங்கொண்டார்க்கு அது வேலையில்லை. அவர் அரசவைக் கவிஞர். ஆனால் அவரைப் படிக்கும் நமக்கு அது வேலை.

ஆனந்தரங்கர் பரணி பாடவில்லை. அது அவருடைய பெருமை. ஆனால் அவர் கண்ணும் மாளிகையை நோக்கியே இருக்கிறது. எவருக்கு எத்தனை குண்டு மரியாதை, எவருக்கு முதல் வெற்றிலை, எவர் பல்லக்கில் வந்தார் என்பதெல்லாம் நுணுக்கமாக வருகின்றன. பல்லக்கைச் சுமந்தவன் பெரும்பாலும் பெயரின்றிப் போகிறான். தம்மைப் பற்றிய புகழ்ச்சியையும், டூப்ளேயிடம் தாம் சொன்ன புகழ்ச்சியையும் கூச்சமின்றி எழுதி வைக்கிறார். அதில் பொய் இல்லை என்பதே அதன் பயன். அடிமைப்பட்ட மேல்தட்டு எப்படி நினைத்தது, எப்படிக் குழைந்தது என்று எந்த எதிரியும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

சாதியைப் பற்றிய இடங்கள் இன்னும் கூர்மையானவை. 1745இல், போர் வாசலில் நின்ற வேளையில், கிறித்தவக் கோயிலுக்குள் ஒரு சுவர் பற்றிய சண்டை நடந்ததை எழுதுகிறார். பறையர் கிறித்தவர் ஒருபுறம், ஏனைச் சாதிக் கிறித்தவர் மறுபுறம் இருக்குமாறு நடுவே எழுப்பிய சுவர் அது. காரைக்காலிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்கள் பாதிரியாரிடம் நேரே கேட்டனர்: எங்களையும் ஒரே கடவுளின் மக்கள் என்று சொல்லிவிட்டு ஏன் இந்தச் சுவர்? சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர் சினந்தனர். நாட்குறிப்பாளரின் பரிவு எந்தப் பக்கம் என்பதை வரிகள் காட்டிக்கொடுக்கின்றன. நம் பரிவு வேறு பக்கம். அந்தக் காரைக்கால் மக்களின் பெயர்கள் தெரியுமானால், டூப்ளேயின் சிலைக்குப் பதில் அவர்களுக்கே சிலை வைக்கலாம். ஆனால் ஒன்று: அவர் எழுதி வைக்காவிட்டால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதே நமக்குத் தெரிந்திராது. பகைவனின் ஏட்டில் கிடைத்தாலும் சான்று சான்றே.

1748 செப்டம்பரில், ஆங்கிலத் தளபதி பாசுகாவன் புதுச்சேரியை முற்றியபோது, வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். அந்தப் பக்கங்களில்தான் ஆனந்தரங்கரின் நடை உண்மையான துயரால் நடுங்குகிறது. கோயிலை இடித்தது மத வெறி. அதை நாம் மறைக்கப்போவதில்லை. டூப்ளேயின் மனைவியும் பாதிரிமாரும் நெடுநாள் காத்திருந்து போரைச் சாக்காக்கிக்கொண்டனர். தான் வணங்குவதை ஒருவன் தானே விட்டு விலகுவது வேறு. படைபலத்தால் பிறன் அதைத் தகர்ப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கருதாதவன் பகுத்தறிவாளன் அல்லன். ஆனால் திறனாய்வாளன் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கல் இடிந்ததற்கு உருகிய அந்த நெஞ்சு, சென்னையில் கறுப்பர் நகரத்து வீடுகளைப் பிரெஞ்சுக்காரர் கோட்டைப் பாதுகாப்புக்கென்று இடித்தபோது அதே அளவு உருகிற்றா? கடவுளுக்கு வீடு போனால் காப்பியம். மனிதனுக்கு வீடு போனால் கணக்கு.

அந்தக் கறுப்பர் நகரத்தின் மிச்சத்தைப் பின்னர் ஆங்கிலேயரே அகற்றினர். பீரங்கிக்குத் திறந்த வெளி தேவையாம். அந்த இடத்தில் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது. நீதி கேட்டுப் படியேறுவோர் ஒரு முறை கீழே பார்க்கலாம்.

இப்படி ஊரை வைத்து ஆடும் ஆட்டம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டா. ஐரோப்பாவிலேயே அவர்கள் பயின்ற ஆட்டம்தான். டன்கர்க் என்ற கடற்கரை ஊர். 1658இல் அது ஸ்பெயின் வசம் இருந்தது. பிரெஞ்சுத் தளபதி தூரேனும் கிராம்வெல் அனுப்பிய ஆங்கிலப் படையும் சேர்ந்து அதை முற்றின. ஊரைக் காக்க வந்த ஸ்பானியப் படையில் பிரெஞ்சுக்காரரான கோந்தே இருந்தார். ஆங்கில அரச குலத்து யார்க் கோமகனும் இருந்தார். இரு பக்கமும் ஆங்கிலேயர், இரு பக்கமும் பிரெஞ்சுக்காரர்! சூன் 14ஆம் நாள் மணல்மேடுகளில் போர் நடந்தது. கடல் வற்றும் நேரம் பார்த்து ஈர மணல்வழியே குதிரைப்படையை அனுப்பி வென்றார் தூரேன். அவரும் நேரம் பார்த்தார், தோழர்களே. ஆனால் பார்த்தது இராகுகாலம் அன்று, கடலின் ஏற்றவற்றம். வென்ற ஊரை ஒப்பந்தப்படி இங்கிலாந்துக்குக் கொடுத்தனர். நாலே ஆண்டில், 1662இல், இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லசு அதைப் பிரெஞ்சு மன்னனிடமே விலைக்கு விற்றுவிட்டான். சந்தையில் மாட்டைக் கைமாற்றும்போது துண்டைப் போட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்களே, அதைப் போல. ஊரில் வாழ்ந்தவரை எவரும் கேட்கவில்லை.

சென்னையின் கதி என்ன? 1748இல் ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வட அமெரிக்காவில் லூயிபூர் என்ற பிரெஞ்சுக் கோட்டையை ஆங்கிலேயர் 1745இல் பிடித்திருந்தனர். அதைக் கொடு, இதைக் கொடுக்கிறேன் என்று மாற்றிக்கொண்டனர். 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அடையாற்றில் செத்தவன், புயலில் மூழ்கியவன், தண்ணீரின்றித் தவித்தவன் எல்லாருமாகச் சேர்ந்து காத்தது எதை? பனிபடர்ந்த தீவொன்றின் கோட்டைக்கு ஈடாக வைக்கப்பட்ட அடகுப் பொருளை.

பத்தாண்டும் நிரம்பவில்லை. 1758 திசம்பரில் லாலி மறுபடியும் பிரெஞ்சுப் படையுடன் வந்து சென்னையை முற்றினார். அவருடைய வீரர்கள் கறுப்பர் நகரத்தில் புகுந்து சூறையாடிச் சாராயத்தில் மிதந்தனர். கோட்டைக்குள் பிகட்டும் லாரன்சும் தாக்குப்பிடித்தனர். வெளியே கான்சாகிபு என்று நாம் அறிந்த யூசுப்கான் பிரெஞ்சுப் படையின் உணவு வரும் வழிகளை அறுத்தார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் லாலி பின்வாங்கினார். வழியை அறுத்தல் என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றனர். செங்கற்பட்டு, பூந்தமல்லி, காஞ்சிபுரம் வட்டாரத்து ஊர்களின் நெல்லை, மாட்டை, வண்டியை இரண்டு படையும் மாறி மாறிப் பறித்தன என்பதே அச்சொல்லின் விளக்கம்.

நம் திருவள்ளூர் வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. வேப்பம்பட்டிலிருந்து சற்று மேற்கே திருப்பாச்சூர். இன்று கோயிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அன்று கோட்டை ஊர். 1781 ஆகத்தில் ஐதர் அலியோடு போரிட்டுக்கொண்டிருந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைப் பிடித்தார். படைக்கு உணவு வேண்டியிருந்தது. கோட்டைக்குள் தானியம் இருந்தது. தானியத்தின் உரிமையாளர் யார் என்று ஏடுகள் பேசுவதில்லை. கிழக்கே பழவேற்காடு: 1610இல் டச்சுக்காரர் வந்தனர், 1612இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து அவர்களுடைய பண்டகசாலையை அழித்தனர், 1613இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. அங்கிருந்து துணி மட்டும் ஏற்றுமதி ஆகவில்லை. வெடிமருந்து ஏற்றுமதி ஆயிற்று. பஞ்ச காலத்தில் மனிதரும் அடிமைகளாக ஆயிரக்கணக்கில் பத்தேவியாவுக்கு ஏற்றுமதி ஆயினர். டச்சுக்காரரின் கல்லறைகளை இன்றும் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கின்றனர். செதுக்கு வேலை அழகுதான். கப்பலில் ஏற்றப்பட்டவர்க்குக் கல்லறை இல்லை.

ஆகவே, தோழர் கேட்ட வினாவுக்கு எம் விடை: கொண்டாடவும் வேண்டா, ஒதுக்கவும் வேண்டா. தமிழில் இவ்வளவு பெரிய சான்றுக் களஞ்சியம் அக்காலத்துக்கு வேறில்லை. பிரபஞ்சன் இதிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு புதினங்களை எழுதினார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. துபாஷியின் ஏட்டில் ஓரத்தில் நின்றவர்களை நடுக்கூடத்துக்கு அழைத்து வர அவர் முயன்றார். அம்முயற்சியை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் சென்னைக் கறுப்பர் நகரத்தின் பக்கமிருந்து, ஊற்றில் நீர் மொள்ளப் போய்க் குதிரைப்படையைக் கண்டு வெறுங்குடத்தோடு திரும்பிய பெண்ணின் பக்கமிருந்து 1746ஐச் சொல்லும் நூல் இன்னும் நமக்கு வேண்டும். எழுத வல்ல இளைஞர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் மேடைக்காகப் போர்ப்பரணி எழுதிக்கொண்டிருக்கின்றனர். படை, பாசறை, தளபதி, போர்முரசு என்று நம் சுவரொட்டிகளிலும் சொற்கள் மலிந்துவிட்டன. ஒரு வட்டத்தில் எத்தனை தளபதிகள் என்று எண்ணினால் மாபூசுகானே மலைத்துப்போவார். இதைச் சொல்வதால் சில தோழர்கள் நம்மைக் கோபித்துக்கொள்வார்கள். கோபம் தணிந்ததும் நாட்குறிப்பின் ஒரு தொகுதியை எடுத்துப் படிக்க வேண்டுகிறோம்.

படிக்கத் தொடங்குவோர்க்கு ஒரு குறிப்பு. கடைசிப் பகுதியில் வெற்றிலை மரியாதைகள் குறைந்துகொண்டே போகின்றன. டூப்ளே 1754இலேயே திருப்பி அழைக்கப்பட்டுவிட்டார். ஆனந்தரங்கர் நோயுற்றார்; செல்வாக்கு இழந்தார். புதுச்சேரியை ஆங்கிலேயர் சூழ்ந்துகொண்டனர். ஊருக்குள் உணவு அற்றுப்போயிற்று. 1761 சனவரியில், நகரம் பணிவதற்குச் சில நாட்களுக்கு முன், அவர் இறந்தார். அதன்பின் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினர். அந்த இடிபாட்டைப் பற்றி நாட்குறிப்பில் ஒரு வரியும் கிடையாது.